கத்தி முதலில் கால்களுக்கு: இணையச் சூட்டு விளையாட்டுகளில் புதிதாக இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கவுண்டர்-ஸ்ட்ரைக், வலோரன்ட் போன்ற விளையாட்டுகளைத் தொடங்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் முதல் கிழமையிலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, இவ்வளவு துப்பாக்கி இருக்கும்போது இந்தக் கத்தி எதற்கு?" அடுத்த கிழமை அதே பிள்ளைகள் கத்தியை நீட்டிக்கொண்டு எதிரியைத் துரத்துகிறார்கள், சுற்றுக்குச் சுற்று முதல் ஆளாகச் சாகிறார்கள். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டுகளில் கத்தியின் பெரும்பயன் ஓட்டத்தில் இருக்கிறது. குத்துவது அதற்கு அடுத்தபடி, அதுவும் சில நிபந்தனைகள் கூடிவரும்போது மட்டும். இந்த வரிசையில் பழகியவர்கள் விரைவாக முன்னேறுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் அநேகமானோர் பழைய மடிக்கணினியிலோ கைபேசியிலோதான் தொடங்குகிறோம். படம் தடக்கித் தடக்கி ஓடும் கணினியில் குறிபார்த்துச் சுடுவது கடினம். எப்போது ஓடுவது, எப்போது துப்பாக்கியை எடுப்பது என்ற தீர்மானத்துக்கு விலை கூடிய கணினி தேவையில்லை. வசதி குறைந்த ஆட்டக்காரர் முதலில் கைவசப்படுத்தக்கூடிய திறமை இது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் விளையாட்டு எந்த வகை

கிட்ட நின்று அடிக்கும் ஆயுதங்களை ஆட்டக்காரர்கள் பொதுவாக மெலீ என்பார்கள். அது இரண்டு விதமாக வரும். கவுண்டர்-ஸ்ட்ரைக், வலோரன்ட், டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆகியவற்றில் கத்தி தனி ஆயுதம். துப்பாக்கியை வைத்துவிட்டு அதைக் கையில் எடுக்க வேண்டும். ஹேலோ, ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஓவர்வாட்ச் போன்றவற்றில் துப்பாக்கி கையில் இருக்கும்போதே ஒரு விசையை அழுத்தி அடித்துவிடலாம்.

இரண்டாம் வகையில் பழக வேண்டியது குறைவு. ஏபெக்ஸில் ஓர் அடிக்கு 30 சேதம். எதிரிக்கு உயிர் 100, அதற்கு மேல் கவசம் வேறு. ஆகவே அடித்தே வீழ்த்தலாம் என்று நினைக்காதீர்கள். தோட்டா தீர்ந்த கணத்தில், எதிரி குற்றுயிராக முன்னால் நிற்கும்போது, மீள நிரப்பும் நேரத்தை மிச்சம் பிடிக்க அது உதவும். ஹேலோவில் முதுகில் அடித்தால் ஒரே அடியில் எதிரி விழுவார் என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வையுங்கள். இனி எழுதுவது பெரும்பாலும் முதல் வகைக்கு.

விரல்களைப் பழக்குங்கள்

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இலும் வலோரன்ட்டிலும் 3ஆம் எண் விசை கத்தி, 1 பெரிய துப்பாக்கி, 2 கைத்துப்பாக்கி. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் க்யூ விசை கடைசியாகக் கையில் இருந்த ஆயுதத்துக்கு மாற்றும். மவுஸ் சில்லை உருட்டி ஆயுதம் மாற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். பதற்றத்தில் கைக்குண்டு கைக்கு வந்து நிற்கும்.

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் இதைப் பழகுவதற்கு இணையம் தேவையில்லை. கணினி இயக்கும் போலி எதிரிகளுடன் தனியாக ஓர் ஆட்டத்தைத் திறந்து, மேப்பின் (ஆட்டக்களத்தின்) ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடவுங்கள். ஒவ்வொரு மூலைக்கும் முன் துப்பாக்கி, கடந்ததும் கத்தி. விரலைப் பார்க்காமல் மாற்ற வரும்வரை இதை மட்டும் செய்யுங்கள். டேட்டா கணக்குப் பார்த்து வாழும் எங்களுக்கு இது பெரிய வசதி. விளையாட்டை ஒருமுறை இறக்குவதற்குத்தான் பல பத்து ஜிகாபைட் போகும். இரவுநேர டேட்டா உள்ள பொதி என்றால் அந்த நேரத்தில் இறக்கி வையுங்கள்.

ஓட்டம்

கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் கையில் உள்ள பொருளுக்கு ஏற்ப ஓடும் வேகம் மாறும். விளையாட்டின் சொந்த அலகில் கத்திக்கு விநாடிக்கு 250. க்ளொக் போன்ற சிறிய கைத்துப்பாக்கிக்கு 240, எம்4 துப்பாக்கிக்கு 225, ஏகே-47க்கு 215. ஆட்டக்காரர்கள் ஓப் என்று கூப்பிடும் பெரிய ஸ்னைப்பருக்கு (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் துப்பாக்கிக்கு) 200.

2000 அலகுத் தூரம் ஓட வேண்டும் என்று வையுங்கள். கத்தியோடு 8 விநாடி, ஏகே-47உடன் 9.3 விநாடி, ஓப்புடன் 10 விநாடி. ஒன்று, இரண்டு விநாடிதானே என்று தோன்றும். ஆனால் இரண்டு அணியும் ஒரே நேரத்தில் புறப்பட்டு நடுவில் உள்ள ஒரு வாசலை நோக்கி ஓடுகின்றன. ஒரு விநாடி முன்னதாக வருபவர் நின்று, குறியைச் சுவரோரம் வைத்துக் காத்திருப்பார். பிந்தி வருபவர் ஓடிக்கொண்டே அந்தக் குறிக்குள் நுழைவார். சுற்றுத் தொடங்கிய கணமே அனுபவசாலிகள் கத்தியை எடுப்பதன் காரணம் இதுதான்.

வலோரன்ட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே கத்தியோடு விநாடிக்கு 6.75 மீற்றர், வாண்டல், ஃபாண்டம் துப்பாக்கிகளோடு 5.4 மீற்றர். நான்கில் ஒரு பங்கு கூடுதல் வேகம். வலோரன்ட் விளையாடிக்கொண்டே கத்தியோடு ஓடப் பழகாமல் இருப்பது பெரிய இழப்பு.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்துச் சுடத் தயாராவதற்கு ஏறக்குறைய ஒரு விநாடி தேவை. அந்த ஒரு விநாடியில் எதிரி உங்களை இரண்டு தடவை கொல்லலாம். எனவே ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஓடுங்கள்: எதிரி அதிவேகமாக ஓடி வந்திருந்தால் இந்நேரம் எந்த இடத்தில் நிற்பார்? அவர் உங்கள் பார்வைக்குள் வரக்கூடிய முதல் மூலைக்குக் குறைந்தது ஒன்றரை விநாடி முன்னரே துப்பாக்கி கைக்கு வந்துவிட வேண்டும். மூலையில் மாற்றுவது பிந்தியது. நான் பார்த்தவரை புதியவர்கள் கத்தியோடு சாவதற்கு முக்கிய காரணம் இந்த ஒன்றரை விநாடிதான். ஒவ்வொரு மேப்பிலும் உங்கள் பக்கப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுமிடத்தைத் தீர்மானியுங்கள். ஒரு பெட்டி, ஒரு தூண், ஒரு வாசல், எதுவானாலும் சரி. அதைத் தாண்டும்போது கை தானாகத் துப்பாக்கிக்குப் போக வேண்டும்.

சில நுணுக்கங்களும் உண்டு. முதற்சுற்றில் எல்லோரிடமும் சிறிய கைத்துப்பாக்கிதான் இருக்கும். அப்போது 240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் சொற்பம். தொடக்க ஓட்டத்துக்கு அப்பால் கத்தியோடு ஓடி உயிரை விடாதீர்கள். கையில் கைக்குண்டு இருந்தால் வேகம் 245, கத்திக்கு மிகக் கிட்ட. போய்ச் சேர்ந்ததும் புகைக்குண்டு எறியப் போகிறீர்கள் என்றால் தொடக்கத்திலிருந்தே அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது நல்லது. மாற்றும் நேரம் மிச்சமாகும். ஓப் வைத்திருப்பவர் சுட்டு முடிந்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு மறைவுக்குள் ஓட வேண்டும். அந்தத் துப்பாக்கியின் குறிகாட்டிக்குள் (ஸ்கோப்) பார்த்தபடி நகர்ந்தால் வேகம் 100 மட்டுமே.

இன்னொன்றும் முக்கியம். கத்தியோடு ஓடினால் சத்தம் கேட்காது என்று நம்புகிறவர்கள் பலர். கேட்கும். காலடிச் சத்தம் ஓட்டத்தைப் பொறுத்தது. ஷிப்ட் விசையை அழுத்தி மெதுவாக நடந்தால்தான் சத்தம் அடங்கும். அந்த நடையும் கத்தி கையில் இருந்தால் சற்று வேகமாக இருக்கும். பதுங்கி நீண்ட தூரம் போகும்போது அது பயன்படும்.

சத்தத்தைப் பற்றிக் கதைக்கும்போது ஹெட்போனையும் சொல்ல வேண்டும். எதிரியின் காலடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மடிக்கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் பிரித்தறிவது மிகக் கடினம். எங்கள் வீடுகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெடிச்சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய நாட்களை அம்மாவும் அப்பாவும் அம்மம்மாவும் மறந்துவிடவில்லை. அவர்கள் இருக்கும் வீட்டில் சூட்டுச் சத்தத்தைத் திறந்துவிட்டு விளையாடாதீர்கள். மலிவான ஹெட்போன் ஒன்று போதும்.

எத்தனை குத்து

பழைய விளையாட்டுகளில் கைச்சண்டை ஆயுதம் தோட்டா தீர்ந்தவனின் கடைசி நம்பிக்கை. 1993இல் வந்த டூமில் குத்துச்சண்டைக் கையும் சங்கிலி வாளும், 1996இல் வந்த குவேக்கில் கோடரியும் இருந்தன. இன்றைய கத்திக்குக் கணக்கு வேறு. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் கணக்கை மனப்பாடம் செய்வது பயன் தரும்.

எதிரியின் உயிர் 100. இடது பொத்தானை அழுத்தினால் விரைவான வெட்டு: கவசம் இல்லாதவருக்கு முன்பக்கத்தில் முதல் வெட்டு 40, உடனே தொடரும் வெட்டுகள் 25. வலது பொத்தானில் மெதுவான குத்து: 65. முதுகுப் பக்கத்தில் வெட்டு 90, குத்து 180. கவசம் அணிந்திருந்தால் இவை முறையே 34, 21, 55, 76, 153 ஆகக் குறையும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடங்களைப் பாருங்கள். கவசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதுகில் ஒரே குத்தில் எதிரி விழுவார். முன்பக்கம் என்றால், கவசம் இல்லாதவருக்கு ஒரு வெட்டும் ஒரு குத்தும் போதும். 40உம் 65உம் 105. கவசக்காரருக்கு அதே ஜோடி 89 மட்டுமே, அவர் தப்பிவிடுவார். அவருக்கு இரண்டு குத்து வேண்டும், குத்துக்கும் குத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்கவும் வேண்டும். துப்பாக்கி ஏந்திய ஒருவரின் முகத்துக்கு முன்னால் அவ்வளவு நேரம் யாரும் நிற்க முடியாது. ஆகவே முன்பக்கமாகக் கத்தியோடு போகாதீர்கள். எதிரி துப்பாக்கியை நிரப்பிக்கொண்டிருந்தாலும் போகாதீர்கள். அவர் கைத்துப்பாக்கிக்கு மாறிச் சுடுவார்.

எட்டும் தூரமும் வேறுபடும். வெட்டு 48 அலகு எட்டும், குத்து 32 அலகுதான். முதுகில் குத்த வேண்டுமானால் உடலோடு உடல் ஒட்டுமளவுக்குக் கிட்டப் போக வேண்டும். புதியவர்கள் பொறுமை இழந்து ஓர் அடி முன்னதாகவே குத்திவிடுகிறார்கள். காற்றில் கத்தி வீசும் சத்தம் கேட்டு எதிரி திரும்புகிறார்.

வலோரன்ட்டில் சாதாரண வெட்டு 50, கனத்த வெட்டு 75, முதுகில் இரண்டும் இரட்டிப்பு. 100 உயிரோடு கவசமும் அணிந்தவருக்கு முதுகில் கனத்த வெட்டுத்தான் நம்பகமானது. 150 சேதம் அவரது கவசத்தையும் உயிரையும் ஒன்றாகத் தீர்க்கும்.

முதுகுப் பக்கம் போவது எப்படி

கிளித்தட்டு விளையாடியவர்களுக்கு இது விளங்கும். மறிப்பவரின் கண் எந்தப் பக்கம் கட்டுண்டிருக்கிறது என்று பார்த்துத்தானே கோட்டைத் தாண்டுவோம்? அதே கணிப்புத்தான் இங்கும். எதிரியின் கவனம் வேறெங்கோ கட்டுண்டிருக்க வேண்டும்: உங்கள் கூட்டாளி சுட்டுக்கொண்டிருக்கிறார், அல்லது எதிரி ஓப்பின் குறிகாட்டிக்குள் பார்த்தபடி ஒரே திசையில் காத்திருக்கிறார். குறிகாட்டிக்குள் பார்ப்பவரின் பார்வை மிக ஒடுக்கம். அவரை விடச் சுலபமான இலக்கு கத்திக்கு இல்லை.

மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகக் கூட வேண்டும் என்பது என் கருத்து. அவர் உங்களைக் கேட்டிருக்கக் கூடாது. அருகில் அவருடைய கூட்டாளி இருக்கக் கூடாது. குத்துத் தவறினாலும் உங்கள் அணி அந்தச் சுற்றை இழக்காத நிலையில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் துப்பாக்கியால் சுடுங்கள். குண்டை நிறுவுகிறவர், செயலிழக்கச் செய்கிறவர் போன்ற அசையாத இலக்குகளைக்கூடச் சுடுவதே மேல். சுற்று கைநழுவும் நேரத்தில் வீரம் காட்டத் தேவையில்லை.

கத்தியால் வீழ்த்துவதற்குக் கவுண்டர்-ஸ்ட்ரைக் தரும் பரிசு ஆசையைக் கிளப்பும். போட்டி முறையில் ஒரு கத்திக் கொலைக்கு 1500 டொலர் விளையாட்டுப் பணம். ஏகே-47ஆல் வீழ்த்தினால் 300, ஓப்பால் வீழ்த்தினால் 100தான். ஏகே-47இன் விலை 2700. ஆக ஒரு குத்தில் பாதித் துப்பாக்கிக்கு மேல் கிடைத்துவிடும். உங்கள் அணி பணமில்லாமல் தவிக்கும் சுற்றில், தனியாக நிற்கும் ஓப் ஆட்டக்காரரின் முதுகு கிடைத்தால் துணியலாம். அவருடைய 4750 டொலர் துப்பாக்கியும் உங்கள் கைக்கு வரும். வலோரன்ட்டில் எந்த ஆயுதத்தால் வீழ்த்தினாலும் 200 தான், எனவே அங்கே பணத்துக்காகத் துணிவதில் பயனில்லை.

சில போட்டிகளில் எந்த அணி எந்தப் பக்கம் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கக் கத்திச் சுற்று ஒன்று வைப்பார்கள். அங்கே சிதறி ஓடாதீர்கள். ஐந்து பேரும் ஒட்டி நடந்து, ஒரே எதிரியை இருவராக அடியுங்கள். எட்டும் தூரம் கூடிய வெட்டையே முதலில் பயன்படுத்துங்கள்.

பிங்

உங்கள் கணினியிலிருந்து தரவு சேவையகத்துக்கு, அதாவது ஆட்டத்தை நடத்தும் தொலைக் கணினிக்கு, போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தைத்தான் பிங் என்பார்கள்; அது மில்லிவிநாடியில் காட்டப்படும். பாக்கு நீரிணைக்கு அப்பால்தான் தமிழ்நாடு இருக்கிறது. ஆனால் எங்கள் தரவு நேரே கடலைக் கடப்பதில்லை. தெற்கே போய்க் கடலடி வடத்தில் இறங்கித்தான் இந்தியாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2க்கு மும்பை, சென்னை, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் சேவையகங்கள் உண்டு. வலோரன்ட்டுக்கு மும்பையும் சிங்கப்பூரும். எது உங்களுக்குச் சீராக இருக்கிறது என்று ஒவ்வொன்றிலும் விளையாடிப் பாருங்கள்.

சீராக என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். 250 வேகத்தில் ஓடும் எதிரி 100 மில்லிவிநாடியில் 25 அலகு நகர்ந்துவிடுவார்; குத்து எட்டும் தூரமே 32 அலகுதான். நல்ல வேளையாக, நீங்கள் குத்திய கணத்தில் உங்கள் திரையில் எதிரி எங்கே இருந்தார் என்று சேவையகம் பின்னோக்கிக் கணித்துத் தீர்ப்புச் சொல்கிறது. இதனால் நிலையான தாமதம் பெரும்பாலும் ஈடுசெய்யப்படும். பிங் 40க்கும் 150க்கும் இடையில் தாவினாலோ, தரவு வழியில் தொலைந்தாலோ இந்தக் கணிப்பு குழம்பும். கத்திக்காரருக்குத் தாவும் 40ஐ விட அசையாத 90 எவ்வளவோ நல்லது. முடிந்தால் ரவுட்டரிலிருந்து வயர் இழுத்துக் கணினியில் செருகுங்கள். கைபேசியின் 4ஜி இணைப்பைப் பகிர்ந்து விளையாடுகிறவர்கள், வீட்டில் மற்றவர்கள் படம் பார்க்கும் மாலை நேரத்தில் கத்தியைக் குத்துவதற்கு எடுக்காமல் ஓடுவதற்கு மட்டும் வைத்திருங்கள்.

இதே கணிப்பின் மறுபுறமாக, உங்கள் திரையில் நீங்கள் திரும்பிவிட்ட பிறகும் முதுகில் குத்து விழலாம். அவர் ஏமாற்றினார் என்று உடனே குற்றஞ்சாட்டாதீர்கள்; அவருடைய திரையில் உங்கள் முதுகு தெரிந்திருக்கும்.

டீம் ஃபோர்ட்ரஸ் 2, பப்ஜி

பழைய கணினி மட்டும் இருப்பவர்களுக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்வது 2007இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2. அது 2011 முதல் இலவசம். கைச்சண்டை ஆயுதத்துக்கு இவ்வளவு வேலை கொடுத்த சூட்டு விளையாட்டு வேறில்லை என்பேன். அதில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பை, அதாவது ஒரு பாத்திரத்தை, தேர்ந்தெடுப்பார். உளவாளி முதுகில் குத்தினால் எதிரி உடனே விழுவார். பொறியியலாளரின் குறடு அவர் கட்டிய இயந்திரங்களைத் திருத்தும், மேம்படுத்தும். மருத்துவரின் ஊபர்சோ என்ற எலும்பு அறுக்கும் வாள் ஒவ்வோர் அடிக்கும் அவரது சிறப்புச் சக்தியில் 25 சதவீதத்தைச் சேர்க்கும். தனியாக மாட்டிக்கொண்ட மருத்துவர் ஓடுவதா, திரும்பி அடிப்பதா என்ற கேள்வியே இதனால் மாறிவிடுகிறது. தொடங்குவதானால் பொறியியலாளரிடம் தொடங்குங்கள். உளவாளிக்கு மற்ற எல்லா வகுப்பினரின் பழக்கங்களும் தெரிந்திருக்க வேண்டும்.

பப்ஜியில் பொரிக்கும் தாச்சிதான் அரசன். முதுகுப் பக்கத்தில் இடுப்பளவில் தொங்கும்போதும் கையில் இருக்கும்போதும் அதில் படும் தோட்டா உங்களைத் தாக்காது. கணினிப் பதிப்பில் அதன் அடிச் சேதம் 80, அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் 60. பரசூட்டில் இறங்கிய இடத்தில் துப்பாக்கி கிடைக்காவிட்டால் இவற்றில் எது கிடைத்தாலும் எடுங்கள். தாச்சி கண்ணில் பட்டால் கடைசிவரை கீழே போடாதீர்கள். வெளியில் நீண்ட தூரம் ஓடும்போது துப்பாக்கியை முதுகில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடுங்கள், வேகம் கூடும்.

மின்னும் கத்திகள்

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் பாடசாலைப் பிள்ளைகள் இதில் காசை விடுவதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் எந்தக் கத்தியானாலும் சேதம் ஒன்றே, வேகம் ஒன்றே, எட்டும் தூரமும் ஒன்றே. நிறமும் சுழற்றும் அழகும் மட்டுமே மாறும். வலோரன்ட்டிலும் அப்படித்தான். கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பெட்டிகளைத் திறந்து கத்தி கிடைக்கும் வாய்ப்பு, 2017இல் சீனாவில் வெளியிடப்பட்ட விகிதத்தின்படி 0.26 சதவீதம். சராசரியாக ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒன்று; பெட்டியைத் திறக்கும் திறவுகோல் ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டரை அமெரிக்க டொலர். இதை ரூபாயில் பெருக்கிப் பாருங்கள். அந்தக் காசில் நல்ல மவுஸும் ஹெட்போனும் வாங்கி, ரவுட்டருக்கு வயரும் இழுத்து, மிச்சமும் வைத்திருக்கலாம். இலவசக் கத்தி தருகிறேன் என்று யாராவது இணைப்பு அனுப்பினால் திறக்காதீர்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடும் வழி அது.

உண்மையான ஆட்டத்துக்குள்

போலி எதிரிகளோடு விரல் பழகியதும் உடனே தரவரிசை ஆட்டத்துக்குப் போகாதீர்கள். தோற்றாலும் நட்டமில்லாத சாதாரண ஆட்டங்களில் முதலில் ஓட்டத்தை மட்டும் பழகுங்கள். கத்தியால் ஒருவரையும் குத்துவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்த ஒவ்வொரு முறையும் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். கத்தி இருந்தால் உங்கள் மாற்றுமிடத்தை நீங்கள் புறப்படும் பக்கமாக நாலைந்து அடி கிட்டக் கொண்டுவாருங்கள். கத்தியோடு சாவது நின்று, ஆனால் எதிரி எப்போதும் உங்களுக்கு முன்னரே வாசலில் நிற்கிறார் என்றால், அதை எதிரியின் பக்கமாகச் சற்றுத் தள்ளுங்கள். இந்தச் சரிசெய்தல் ஒவ்வொரு மேப்புக்கும் தனித்தனியே நடக்க வேண்டும்.

கூட்டாளிகளோடு ஓடும்போது எல்லோர் கையிலும் கத்தி இருக்க விடாதீர்கள். முன்னால் போகிறவர் துப்பாக்கியோடு, பின்னால் வருகிறவர்கள் கத்தியோடு. முன்னவர் மூலையைப் பார்த்து "வெறுமை" என்று சொன்ன பிறகு மற்றவர்கள் வேகமாகக் கடக்கலாம். மைக்கில் "கத்தியில் நிற்கிறேன்" என்ற இரண்டு சொல் போதும், உங்களுக்கு ஒரு விநாடி காவல் தேவை என்பது அவருக்கு விளங்கிவிடும்.

கைபேசியில் விளையாடுகிறவர்கள் அமைப்புப் பக்கத்தில் ஆயுதம் மாற்றும் பொத்தானைப் பெரிதாக்கி, சுடும் பொத்தானிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால் ஓடத் தொடங்கும்போதே வெடி கிளம்பி, நீங்கள் நிற்கும் இடம் எதிரணி முழுவதற்கும் தெரிந்துவிடும்.